எந்தக் காலை

டிசம்பரில் இங்கே விடிவதில்லை.
ஹம்மர்ஃபெஸ்ட் மருத்துவமனைச் சன்னலில்
நண்பகலை ஒட்டிக் கொஞ்சம் நீலம் கசியும்,
பிறகு அதுவும் அடைபடும்.
அதனால்தான்
"காலை மாத்திரையைப் போட்டாரா?" என்று நான் கேட்டதும்
ராங்ஃப்ரிட் திருப்பிக் கேட்டார்:
"எந்தக் காலை?"

ஸ்கேன் மேசையில் ஓட்வார்.
கொடியிலிருந்து நழுவிய ஈரத்துணி மாதிரி வலக்கை.
மூளையின் இடப்பக்கம், ஒரு மெல்லிய குழாயில்,
நொய்யரிசி அளவு ரத்தக்கட்டி.
தாறுமாறாய்த் துடிக்கும் இதயத்துக்காக
ரத்தம் உறையாதிருக்க
மூன்று வருடமாய் நாளைக்கு இரண்டு மாத்திரை.
காவல் போட்ட வீட்டில்தான் களவு.

என் கையருகே கரைக்கும் மருந்து.
கட்டியைக் கரைக்கும்.
காவல் மருந்தும் உள்ளே இருந்தால்
கரையையும் கரைத்துவிடலாம்.

இரண்டு நாளுக்குள் விழுங்கியிருந்தால் கொடுக்காதே,
இது நான் படித்த காலத்து விதி.
விதியை மீறிக் கொடுத்தவர்கள் பிறகு எழுதினார்கள்:
பயந்த அளவு கசியவில்லை என்று.
நானும் வாசித்தேன், கோடு போட்டு.
ஆனால் அது துணிந்தவர்களின் கணக்கு.
யாருக்குக் கொடுக்க யாருமே துணியவில்லையோ
அவர்கள் அந்த அட்டவணையில் இல்லை.

மாத்திரை டப்பாவைக் கையுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்
ராங்ஃப்ரிட்.
வாகன நிறுத்தத்தில் வழுக்கி விழுந்தாராம்.
ஏழு மூடியும் திறந்து
வெண்பனியில் வெள்ளை மாத்திரைகள்.
பொறுக்கியவை நான்கு.
வியாழன் எது, வெள்ளி எது?

ரத்தத்தில் மருந்தின் அளவைச் சொல்லும் சோதனையும்
கம்பி விட்டுக் கட்டியை இழுக்கும் அறையும்
ட்ரோம்சோவில்.
விமானம் காற்று அடங்கக் காத்திருக்கிறது.
திரையில் அங்கிருந்த மூத்தவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
"நீதான் அவர் பக்கத்தில் இருக்கிறாய்" என்றார்.

ஓட்வாரிடமே கேட்டேன்.
"படகு" என்றார்.
பெயர் கேட்டேன். படகு.
இது என்ன, பேனாவைக் காட்டினேன். படகு.
சட்டென்று ராங்ஃப்ரிட் எழுந்தார்:
"படகு வரும் நாளில் துறைமுகத்துக்குப் போவார்,
ஆறு மணிக் காப்பியோடு அங்கேதான் போடுவார்.
போட்டிருப்பார். நிச்சயம் போட்டிருப்பார்."

தெரியாமல் இருந்தவரை
எனக்கொரு ஒதுங்குமிடம் இருந்தது.

இருவருக்கும் சொன்னேன்:
கொடுத்தால் தலைக்குள் ரத்தம் கசியலாம்.
கொடுக்காவிட்டால் இந்தக் கை, இந்தப் பேச்சு
இப்படியே நிற்கலாம்.
எது கூடுதல் என்று
எனக்கு உறுதியாய்த் தெரியாது.
ராங்ஃப்ரிட் கேட்டது ஒன்றுதான்:
"நேரம் போகிறதா?"
"போகிறது."
"அப்புறம் ஏன் நின்று பேசுகிறீர்கள்?"

ஊசி ஏறிய நேரத்தை எழுதினேன்.
என் விரல் நடுங்கியதை எழுதக் கட்டம் இல்லை.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை,
கண்மணியில் டார்ச்.
தலை வலிக்கிறதா? படகு.
வாந்தி வருகிறதா? படகு.

செவிலி வந்து "காலை வணக்கம்" என்றபோது
சன்னலில் அதே கறுப்பு.
ஓட்வார் வலது கட்டைவிரலை அசைத்தார்,
கதவைப் பார்த்தார்:
"படகு."
பிறகு, எரிச்சலாக,
"தாமதம்."

இரண்டு சொல்.
இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கி.
ஒருவர் பேசியது சான்றாகாது என்று
எனக்குத் தெரியும்.
ராங்ஃப்ரிட்டிடம் அதைச் சொல்லவில்லை.