வலது கண்ணில் மிச்சம்

ஹோல்கர் சொன்னது மூன்று கிழமை.
ரோஸ்டாக்கில் வேலை உறுதியானதும்
வந்து கொண்டுபோகிறேன் என்றான்.
இரண்டு குளிர்காலம் போய்விட்டது.
கண்ணாடிப் பெட்டி, வெப்ப விளக்கு,
உறைபெட்டியில் பன்னிரண்டு எலி,
பெயர் ரோஸ்விதா, சோளப்பாம்பு, கடிக்காது:
படி இறங்கிக்கொண்டே சொல்லி முடித்தான்.

என் பிழைப்பு சட்டை.
வுப்பர்டாலில், சலவைக் கடையின் பின்னறையில்,
நாளுக்கு நூற்றுப்பத்து.
கழுத்துப்பட்டி முதலில், பிறகு தோள், கை,
முதுகு கடைசி.
ஆவியில் இடியப்பமாய் அவிந்து
வீடு வந்தால், வீட்டில் பொட்டு ஈரமில்லை.
ஜனவரி. வெப்பமூட்டி கொதிக்கிறது.
என் உதடு வெடித்தது, புறங்கை வெடித்தது.
அவளுக்கும் அதே காற்றுதான் என்று
தோன்றவில்லை எனக்கு.

முதலில் வயிறு சிவந்தது.
கண்கள் நீலம் கலந்த பாலாகி
ஐந்து நாள் ஒன்றும் தெரியாமல் கிடந்தாள்.
கண் தெளிந்து நான்காம் நாள்
உரித்தாள், துண்டு துண்டாக,
கோபத்தில் கிழித்த கடிதம்போல.

பாம்பு சட்டை உரிக்கிறது என்கிறோம்.
அதற்கும் சட்டைதான் நம் பேச்சில்.
ஆக, நூற்றுப்பதினோராவது.

பழைய துவாயை இளஞ்சூட்டில் நனைத்துப் பிழிந்து
கைக்குள் சுருட்டி நடுவே வழிவிட்டேன்.
தானாய் நுழைந்தாள், தானாய் வெளியே வந்தாள்,
போகிற போக்கில் கொஞ்சம் கழற்றி.
நான் இழுக்கவில்லை.
துவாய் மட்டும் பிடித்துக்கொண்டது.
வால் நுனியில் ஒரு வளையம்,
விரல் வீங்கியபின் மாட்டிக்கொண்ட மோதிரமாய்.
விட்டால் ரத்தம் நின்று நுனி செத்துப்போகுமாம்.
ஈரப் பஞ்சால் இருபது நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்
ஆற்றின்மேல் உறுமிப் போனது.
காதில்லாதவள் தாடையால் கேட்டுத் தலைதூக்கினாள்.

துண்டுகளை மேசையில் பொருத்திப் பார்த்தேன்.
இடது கண் இருந்த இடத்தில்
மிளகின் மேல்தோல் அளவு ஒரு கண்ணாடி.
வலதில் வெறும் ஓட்டை.

டாக்டர் ஓட்டர்ஸ்பாக் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார்.
பிடுங்காதே. பிடுங்கினால் கண்ணும் கூடவே வரும்.
ஈரம் கொடு. அடுத்த சட்டையோடு போகும்.
அதற்கு எத்தனை நாள்?
அவளைத்தான் கேட்கவேண்டும்.
நாற்பத்திரண்டு யூரோ.
கதவருகில் என் கையைப் பார்த்துவிட்டு
இதற்கும் எதையாவது பூசலாமே என்றார்.
அது இலவசம்.

காலரில் ஒரு சுருக்கம் மிஞ்சினாலும்
கை பரபரக்கிற ஆள் நான்.
இரண்டு இரவு இடுக்கியோடு
அந்தப் பெட்டியின்முன் நின்றேன்.
மூன்றாம் இரவு இடுக்கியைக் கொண்டுபோய்க்
கடையிலேயே விட்டுவிட்டேன்.

ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை வெட்டி
ஈரப் பாசி நிரப்பினேன்.
விளிம்பு கீறாமலிருக்க
இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஒரு தொடு.
காலையும் மாலையும் தெளிப்பு.
ஈரமானி அறுபதைத் தொட்ட நாளில்
என் உதடு ஆறியிருந்ததை
சவரம் செய்யும்போது கண்டேன்.

மார்ச் கடைசி. வேலை முடிந்து வருகிறேன்.
டப்பா வாயிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை
ஒரே நீளம்,
அவசரத்தில் கழற்றிய காலுறையாய் உட்புறம் வெளியே.
கடை நாடாவால் அளந்தேன்.
ஒரு மீட்டர் முப்பத்தெட்டு.
அவள் அவ்வளவு நீளமில்லை.
வலது கண்ணில் இரண்டு கண்ணாடி,
ஒன்றுக்குள் ஒன்று.

ரோஸ்விதா என்னைப் பார்த்தாள்.
பார்த்தாள் என்று சொல்லமுடியாது.
இமை இல்லாதவள்,
எதையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்.

சட்டையை ஹாங்கரில் மாட்டி
கடைச் சீட்டு ஒன்றைக் குத்தினேன்.
பெயர்: ஹோல்கர். உருப்படி: ஒன்று. கஞ்சி வேண்டாம்.
சீட்டின் பின்னால் எப்போதும் அச்சடித்திருப்பது:
ஆறு மாதத்துக்குள் வந்து எடுக்காத பொருளுக்கு
கடை பொறுப்பல்ல.

அந்த வரியை மட்டும்
பேனாவால் அடித்தேன்.