எட்டாவது சுருள்

வினிகர் வாடை அடித்த சுருளைக்
கழுவி, உலர்த்தி, கணினியில் ஏற்றினாள்
திபிலீசியில் நெஸ்தான்.
கீறல் போனது. பூஞ்சை போனது.
மணப்பெண் முகத்தில்
அறுபது ஆண்டு மழை நின்றது.

பிறகு அந்தப் புள்ளி.
அழுக்கு, நீக்கவா? என்றது மென்பொருள்.
பத்து ஃபிரேம் தள்ளி அது
கன்னத்திலிருந்து மூக்குக்கு வந்திருந்தது.
இன்னும் தள்ளி
கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மணப்பெண் இமைக்கவே இல்லை.
ஃபிலிம் தீரப்போகிறது என்று
இயக்குநர் மிரட்டியிருப்பார் போல.

நூற்றுப் பதினாறு ஃபிரேம்.
நூற்றுப் பதினாறு முறை
வேண்டாம் என்று தட்டினாள் நெஸ்தான்.
காப்பி ஆறிப்போனது.

திரையிட்ட அன்று அரங்கு நிறைந்திருந்தது.
அமைச்சர் பேசினார், நீளமாக.
விளக்கணைந்து
எட்டாவது சுருள் வந்தபோது
மூன்றாம் வரிசையில் யாரோ
கையை வீசி
விரட்டினார்கள்.