நாற்பத்தெட்டில் மூன்று போக

தால்காவானோவில் ஜூலை மழை.
எங்கள் அலுவலகத்து மண்ணெண்ணெய்க் கணப்பு
இருமிவிட்டுத்தான் எரியும்.
அதனால் அட்டை வந்த முதல் வாரம்
எல்லாரும் அதன் பின்பக்கம் வந்து நின்றார்கள்,
வெளியேறும் காற்றில் குளிர்காய.

முந்நூறு வாட். எண்பத்து நான்கு டிகிரி.
பேருந்தில் கூடையோடு ஏறியவளைப்போல
இரண்டு இடம் அடைத்துக்கொண்டு உட்காரும்.
நான்கு திரைகளுக்கு வாய் உண்டு;
என்னிடம் இருப்பது ஒன்று,
அதிலும் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு.

கொள்முதல் பிரிவின் எர்னால்தோ கேட்டார்:
"என் மகன் விளையாட வைத்திருப்பது
இதைவிட வேகம். விலை மூன்றில் ஒன்று.
இது எதற்கு?"
படிவத்தில் 'காரணங்கள்' என்றொரு கட்டம்,
இரண்டு வரிதான் கொள்ளும்.
காலியாக விட்டேன்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வேகம்
ஒற்றைத் துல்லியத்துக்கு உரியது.
ஏழு இலக்கம் வரை நம்பலாம்,
அதற்குமேல் ஊகிக்கும், முகம் மாறாமல்.
பதினைந்து இலக்கம் வேண்டுமென்றால்
அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் ஓடும்.
மறைக்கவில்லை, போட்டிருக்கிறார்கள்,
கையேட்டின் கடைசிப் பக்கத்தில்,
எறும்பு படிக்கும் எழுத்தில்.

என் வேலை அலை.
கடலடியில் தட்டு நழுவினால்
எத்தனை நிமிடத்தில், எந்தத் தெருவில், எவ்வளவு நீர்.
நான் சொல்லும் இடத்தில் கம்பம் நடுவார்கள்:
'அபாயப் பகுதி இங்கே முடிகிறது.'

ஒற்றைத் துல்லியத்தில் ஆறு மணி நேரம்.
அலை ரொட்டிக்கடைப் படியில் நின்றது.
மறுபடி ஓட்டினேன். அதே படி.
ஆனால் கடலாழம் நாலாயிரம் மீட்டர்,
வாசலில் வந்து நிற்கும் நீர் நாலு விரற்கடை.
இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கூட்டினால்
சின்னது உதிர்ந்துவிடும்,
பெருஞ்சல்லடையில் கடுகு.

முழு வளைகுடாவையும் இரட்டையில் ஓட்டினால்
காகிதக் கணக்குக்குப் பதினாறு நாள்.
கம்பக்காரன் வியாழக்கிழமை வருகிறான்.
ஆகவே ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன்:
ரொட்டிக்கடை, அதன் பின்சந்து,
சாய்வு தெரியாமல் சாயும் நான்கு வீடுகள்.
மூன்று இரவு.

அதற்குமுன் இன்னொன்று செய்தேன்.
நினைவகத்தின் பிழைதிருத்தியை முடுக்கினேன்.
நாற்பத்தெட்டு கிகாபைட் என்று சொல்லி வந்தது
நாற்பத்தைந்தாக இளைத்தது.
மிச்ச மூன்றில் உட்கார்ந்து
தான் எழுதியதைத் தானே சரிபார்க்குமாம்.
பதினாறில் ஒன்று. ஒரு வீசம்.
தன் சந்தேகத்துக்கென்று ஒரு வீசம்
ஒதுக்கிவைத்த ஆளை
இந்த நகராட்சியில் நான் பார்த்ததில்லை,
என்னையும் சேர்த்து.

மூன்றாம் இரவின் முடிவு:
நீர் ஏழு சென்டிமீட்டர் கூடுதல்.
ஒரு ஆட்காட்டி விரல்.
ஆனால் அந்தச் சந்து அப்படி,
ஏழு சென்டிமீட்டர் ஏற
நான்கு வீடு நடக்க வேண்டும்.

மழைக்கோட்டில் நானும் கூடப் போனேன்.
நான்காவது வீட்டிலிருந்து எல்சீரா காயுப்பான் வந்தாள்,
புறங்கையில் மீன்செதில் ஒட்டியிருந்தது.
"நேற்றுவரை நான் வெளியே. இன்றைக்கு உள்ளேயா?
கடலா நகர்ந்தது?"
"இல்லை. கணக்கு."
"வீட்டை விற்கலாம் என்றிருந்தேன்."
குரலை உயர்த்தவில்லை.
கதவு சாத்தும் ஓசை மட்டும்.
கம்பக்காரன் குழி தோண்டினான்.
குழியில் நீர் ஊறியது,
மழைநீர்தான்.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
திருத்தப்பட்ட பிழைகள்: 1.
வானத்திலிருந்தோ, சில்லின் உள்ளிருந்தோ
ஏதோ ஒன்று தட்டி
ஒரு பூஜ்யம் புரண்டிருக்கிறது,
அட்டை அதைத் திருப்பி நிறுத்தியிருக்கிறது.
எந்த எண் என்று குறிப்பில்லை.
யாருமில்லாத நடுக்கடலாக இருக்கலாம்.
எல்சீராவின் வாசற்படியாக இருக்கலாம்.

படிவத்தை எடுத்து, காரணங்கள் கட்டத்தில்
'ஒன்று' என்று எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மையில்
எர்னால்தோவின் கையெழுத்து:
'ஒன்று என்றால், எது?'