நெத்திலிக்கு அனுமதி உண்டு

தனபாக்கியத்தின் கடப்பிதழ்
இன்னும் மூன்று வருடம் ஏழு மாதம் செல்லும்.
பார்த்துவிட்டேன். இரண்டு முறை பார்த்துவிட்டேன்.
விசா வேண்டாம்;
நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள் இருக்கலாம்.
கோயில் காலண்டரில் விரல் வைத்து எண்ணி
கடைசி நாளை வட்டமிட்டிருக்கிறேன்.
அவள் போவதென்னவோ இருபத்தாறு நாளைக்குத்தான்.

மகள் குடியிருப்பது பிரான்ஸில்,
வேலை சுவிட்சர்லாந்தில்.
"தெரு முனையில டிராம் ஏறுனா அடுத்த நாடுப்பா,
யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்கிறாள்,
செந்தூலிலிருந்து கெப்போங் போவதைப்போல.

கேட்பார்கள்.
கேட்பவர்களை எனக்குத் தெரியும்.

என் அடையாள அட்டை சிவப்பு.
நான் பிறந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை.
பிறந்தேன் என்பதற்கு நானே சாட்சி;
அந்தச் சாட்சி செல்லாது.
புத்ராஜெயாவில் இது நான்காவது விண்ணப்பம்.
"டாலாம் புரோசஸ், பாக்சிக்"
என்கிறாள் முகப்பில் இருக்கும் பெண்,
மரியாதையாகத்தான்.
ஒன்பதாம் முகப்பின் முன்னே
எந்த நாற்காலியின் கால் ஆடும் என்பதுவரை
சொல்வேன்.

ஆகவே கோப்பு ஒன்று வாங்கினேன், நீல நிறத்தில்.
மேலே பயணக் காப்பீடு.
அதன் கீழ் திரும்பும் டிக்கெட்.
மருமகன் லூக் எழுதிய அழைப்புக் கடிதம்,
எங்கள் திருமணப் பத்திரம் (எதற்கு என்றாள்; இருக்கட்டும் என்றேன்),
வங்கிக் கணக்கின் மூன்று மாதத் தாள்,
எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்,
பக்கத்துக்குப் பத்துக் காசு.
மஸ்ஜித் இந்தியாவில் பணம் மாற்றும் கடையில்
யூரோ ஓர் உறையில், பிராங்க் ஓர் உறையில்.
ஒரே டிராம்தான், காசு வேறு
என்று உறையின்மேல் எழுதினேன்.

பெட்டி கட்டும்போது
நெய்ப் போத்தலை வெளியே எடுத்தேன்.
பால் பொருளை உள்ளே விடமாட்டார்கள்.
"அப்ப நெத்திலி?"
மீனுக்குத் தடையில்லை, எடுத்துக்கோ என்றேன்.
இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.
"நல்ல சட்டம்யா!
நெத்திலி போகலாம், நீங்க போக..."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
நெத்திலியை அவள் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றினாள்.
நாலாவது பையும் கேட்டாள்.
கொடுத்தேன்.

விமான நிலையத்தில் கண்ணாடிவரை போனேன்.
அதற்கப்பால் அவள் கோப்பை உயர்த்திக் காட்டினாள்,
பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைபோல.

பத்தாம் நாள், இங்கே மாலை நான்கு மணி,
மழை வருவதற்கு முந்தைய புழுக்கம்.
கைப்பேசி அடித்தது.
"டிராமில இருக்கோம். எல்லை வருதாம்."
எழுந்து நின்றுகொண்டேன், ஏனென்று தெரியவில்லை.
கோப்பு கையில இருக்கா?
"மடியில இருக்கு."
கடப்பிதழ்?
"கையில."

பின்னால் மகள் சிரிப்பை அடக்குவது கேட்டது.
மணி ஒருமுறை அடித்தது.
முப்பத்தொரு வருடம் லாரிக்கு பிரேக் பார்த்தவன் நான்.
நிற்கப்போகும் சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெரியும்.
அது வரவில்லை.
எந்த இடத்திலும் வரவில்லை.

கேட்டாங்களா என்றேன்.

கொஞ்சம் பொறுத்து,
"கேட்டாங்க" என்றாள்.
"எல்லாம் கேட்டாங்க. நீங்க அடுக்குன வரிசையிலேயே."
காப்பீடு?
"அதான் மொத கேள்வி."
திரும்பும் டிக்கெட்?
"ரொம்ப நேரம் பாத்தாரு."
கல்யாணப் பத்திரம்?
"அதையும்தான். புருஷன் எங்கேன்னாரு.
வீட்டுல இருக்காருன்னேன்."

மழை பிடித்துக்கொண்டது.
துணி எடுக்க வேண்டும்.

நெத்திலி என்றேன்.
"அத மட்டும் யாரும் கேக்கல."

சரி, கோப்பைப் பத்திரமா வை என்றேன்.
திரும்பி வரும்போது
மறுபடியும் கேட்பார்கள்.