இடையில் நடந்த இரண்டு

திருத்தம் ஒன்று சொல்ல வந்திருக்கிறேன்.
உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆய்வின் விதி எளியது.
ஐந்தாம் மாடி, இருபத்திரண்டு படுக்கை, புது மெத்தை.
நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
புரட்டுவது பழைய வழக்கம்.
இனி நான்குக்கு ஒருமுறை போதும்,
மெத்தைக்குள் காற்றறைகள் மாறி மாறி மூச்சுவிடும்,
மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர் கீல்.
மெத்தைக் கம்பெனியில் மருத்துவமனைக்கும் பங்குண்டு.
யாரும் மறைக்கவில்லை,
பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.
அதற்குக் கீழேதான் என் கையெழுத்து:
நிறுவனத்தின் நலனுக்கு விசுவாசமாக இருப்பேன்,
மார்லிஸ் ஹெய்க்கிலா, இரவுப் பணி.

ஏழு நாள் இருந்தேன்.

எட்டாம் இரவு, ஆர்விட் கோஸ்கி.
டுலூத் துறையில் முப்பத்தொரு வருடம்
கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றியவர்.
வலப்பக்கம் போயிருந்தது. பேச்சும்.
துணி மாற்றும்போது பார்த்தேன்,
முதுகெலும்பு முடியும் இடத்தில்
காசளவு சிவப்பு.
விரலால் அழுத்தினேன்.
தோல் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும்.
வெளுக்கவில்லை.

மணி இரண்டு. அட்டவணையில் அடுத்தது நான்கு.
புரட்டினேன்.

ஒருவரைப் புரட்டிய கையோடு
பக்கத்துப் படுக்கையைத் தாண்டிப் போக
எனக்குத் தெரியவில்லை.
பகலில் நாற்காலி உண்டு, பயிற்சி உண்டு, மகள்கள் வருவார்கள்.
இரவில்தான் ஒரு மனிதனின் எடை முழுவதும்
ஒரே இடத்தில் உட்காரும்.

கூட ஒருத்தி இருந்தாள்.
அவள் தோளைப் பிடிப்பாள், நான் இடுப்பை.
நான் வராத இரவுகளில் அவளே புரட்டினாள்.
பெயர் சொல்ல மாட்டேன்.
பதினோராம் பக்கத்தில் இல்லாத விசுவாசம் அது.

தாளில் பன்னிரண்டு என்று எழுதினேன்.
நான்கு என்று எழுதினேன்.
இடையில் நடந்த இரண்டு
என் முழங்கையில் மட்டும் பதிவானது.

ஏரியில் பனி உடைந்து
முதல் கப்பலுக்குப் பாலம் தூக்கிய வாரம்
முடிவு வந்தது:
ஐந்தாம் மாடியில் ஒரு புண்கூட இல்லை.
மெத்தை வடிவத்தில் கேக், நீலக் கிரீம்.
இரண்டு துண்டு சாப்பிட்டேன்.
நல்ல காரியம் செய்த கையால்.

பிறகு கூட்ட அறைத் திரையில் வரைபடம்.
மெத்தை போகப்போகும் இடங்களுக்கு ஒவ்வொரு சிவப்பு ஊசி,
ஃபார்கோ, பெமிட்ஜி, நாற்பத்தோரு ஊசி.
கீழே ஒரு வரி:
இரவுக்கு ஓர் ஆளைக் குறைக்கலாம்.
ஒன்பதாவது ஊசி, நீங்கள் கவனித்தீர்களா,
கோஸ்கி இப்போது படுத்திருக்கும் இல்லம்.

அன்றுதான் உறைத்தது.
நம்பாத மெத்தைக்கு
நானே நற்சான்று எழுதியிருக்கிறேன்.
ஜெயித்தது நாலு கை.
வெற்றியைக் காற்றறையின் பெயரில் எழுதிவைத்தேன்.
அங்கே புரட்ட ஆள் இருக்காது.
என் தாளைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

வக்கீல் அம்மா சொல்கிறார்,
உண்ட வீட்டுக்கு இரண்டகம்.
சரி.
ஆனால் தேதியைத் திருத்துங்கள்.
அது இன்றைக்கு நடந்ததல்ல.
குளிர்காலம் முழுக்க, இரவுதோறும் நடந்தது.
அதற்குத்தான் கேக் கொடுத்தீர்கள்.

எத்தனை முறை என்று கேட்கிறீர்கள்.
ஆயிரம் தாண்டும். இரண்டாயிரம் இருக்கலாம்.
'இருக்கலாம்' ஆய்வுக்கு ஆகாது,
அதுவும் தெரியும்.
வேலை போகும், அதுவும்.
வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம்.

டாக்டர் கீல் இதுவரை பேசவில்லை.
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர்
திரும்பிக் கேட்டார்:
"விதிப்படி விட்ட அந்த முதல் ஏழு நாள்.
அதில் யாருக்காவது சிவந்ததா?"

சிவப்பு கணக்கில் சேராதே, என்றேன்.
தோல் கிழிந்தால்தான் புண் என்று
நீங்கள்தான் வகுத்தீர்கள்.

"தெரியும். எத்தனை பேருக்கு?"

மூன்று பேருக்கு.
கோஸ்கி மூன்றாமவர்.

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார்.
அவர் பேனாவின் மூடியைக் கழற்றி,
பதினோராம் பக்கத்தின் வெற்றிடத்தில்
எழுதிக்கொண்டார்.