இடப்புறம் இறுகும் மூடி

உலகத்து மூடிகள் எல்லாம் வலப்புறம் இறுகும்.
ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர்க் குழாய்,
பனிக்காலச் சக்கரத்தின் ஐந்து நட்டுகள்.
என் லென்ஸ் மட்டும் இடப்புறம்.
நிக்கோன்காரர் நாங்கள் அப்படித்தான்,
சின்னதாய் ஒரு ‘டிக்’ கேட்கும்வரை
உலகத்துக்கு எதிராய்த் திருகுகிறவர்கள்.

சுகிர்தன் கெனன்காரன்.
பீல் நிலையத்துக்குப் பின்னால் ஒரே வாடகை அறை,
பதினொரு வருடமாய் ஒரே வான்.
குடை பொது. முக்காலி பொது.
பெற்றோல் ஒருமுறை அவன், ஒருமுறை நான்.
லென்ஸ் என்று வந்தால் மட்டும்
‘உங்கட’, ‘எங்கட’.

இந்த ஊர் இரண்டு மொழி பேசும்.
ரொட்டிக்கடையில் ஜெர்மனில் கேட்டால்
பிரெஞ்சில் மிச்சக் காசு வரும்,
யாரும் முகம் சுளிப்பதில்லை.
அந்தப் பெருந்தன்மை
எங்கள் மேசைவரை இன்னும் வந்து சேரவில்லை.

‘ஏன் பிள்ளை, அதிலயே நிக்கிறாய்?’
கலியாண வீட்டில் யாராவது கேட்பார்கள்.
மஞ்சளை மஞ்சளாய்க் காட்டும் என்பேன்,
எங்கள் தோலின் நிறம் அதற்குத் தெரியும் என்பேன்.
பொய்.
முதல் கமரா, பேர்னில் விவாகரத்தான ஒரு பல்வைத்தியர்
அறுநூறு பிராங்குக்குத் தள்ளிவிட்டது.
அதற்கென்று ஒரு லென்ஸ்.
அந்த லென்ஸுக்கென்று நல்லதாய் இன்னொரு கமரா.
மாட்டுக்குக் கயிறு வாங்கி
கயிற்றுக்கு மாடு வாங்கிய கதை.
எல்லாவற்றையும் விற்றால் என்ன வருமென்று
ஒருநாள் கடையில் கேட்டேன்.
கடைக்காரர் சொன்ன தொகைக்கு
பை மட்டும் வாங்கலாம்.
ஆகவே விசுவாசம் என்று பெரிய பேர் வைக்காதீர்கள்.
பாதி அது தவணை.

மிச்சப் பாதி
நீடாவ் மண்டபத்தில் தெரிந்தது.
வெளியே ஏரிப் புகார், உள்ளே கெட்டிமேளம்,
மிதுலாவின் கழுத்தருகே தாலிக்கொடி.
என் ஷட்டர் பாதி இமையில் நின்றுவிட்டது.
அழுத்தினேன். அழுத்தினேன்.
பை நிறைய ஐந்து லென்ஸ்,
ஒன்றும் ஒன்றுக்கும் உதவாது.
சுகிர்தன் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி
மாலைபோல் என் கழுத்தில் போட்டான்.

விலகத்தான் திருகினேன்.
மணவறை முழுதும், தாயின் கண், பறக்கும் அரிசி
எல்லாம் வேண்டுமென்று.
கெனன் மறுபக்கம் சுழன்று
நெருங்கிப் போயிற்று.
திருப்பித் திருகுவதற்குள் அரிசி தரையில்.

இரவு திரையில் பார்த்தோம்.
முகமில்லை. ஒரு காது, ஒரு மஞ்சள் கயிறு,
மாப்பிள்ளையின் பத்து விரல்கள்.
ரெத்தோ, சனி ஞாயிறுகளில் ஏரியில் பாய் இழுக்கிறவன்.
ஐயர் காட்டிய முடிச்சை
மூன்று நாள் சப்பாத்து நாடாவில் பழகினானாம்.
சுகிர்தன் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.
‘இது எட்டு மாதிரி இருக்கு.’
எட்டேதான்.
காற்று இழுக்க இழுக்க இறுகும்
பாய்மரக் கயிற்றின் முடிச்சு.
மேளம் அடித்ததும் விரல்
தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

மிதுலாவின் அம்மா அதை அல்பத்தில் வைக்கவில்லை.
‘முகம் எங்க?’
இருநூறு பிராங்க் குறைத்துக்கொண்டோம்.

‘இனியாவது மாறு. ரெண்டு லென்ஸ் நான் தாறன்.’
உண்மையாகத்தான் சொன்னான்,
அதில் ஒன்று அவன் யாருக்கும் தொடக் கொடுக்காதது.
‘திருத்தக் குடுத்திருக்கிறன்’ என்றேன்.
இன்னும் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை மேசையில் பாண், பட்டர்,
புதிதாய் வாங்கிய அப்ரிகொட் ஜாம்.
பேச்சு வாக்கில் மூடியைத் திருகினேன்.
வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.
சுகிர்தன் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் சொல்லாமல் போத்தலை வாங்கி
சரியான பக்கம் திருப்பினான்,
துணி சுற்றித் திருப்பினான்,
சுடுதண்ணீரில் பிடித்துத் திருப்பினான்.

நான் இறுக்கியிருந்தது அவனுக்கும் அசையவில்லை.
இரண்டு பேரும்
வெறும் பாணைச் சாப்பிட்டோம்.