மகாடி

ஏரி என்றுதான் பெயர்.
நடந்து போகலாம் அதன் மேல்,
செருப்பு மட்டும் முழுதாகத் திரும்பாது.

நசியெகு கம்பியால் குத்துகிறாள்.
கைக்குச் சர்க்கரைக் கட்டி;
நாக்குக்குச் சவுக்காரம்.
தூரத்தில் பூநாரைகள், கால் எரியாத வித்தை தெரிந்தவை.

அடியில் எங்கோ எரிமலைப் பாறையை
இரவும் பகலும் கழுவுகிறது வெந்நீர்.
கழுவியதைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.
வந்தபின் வெளியேற ஓர் ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை.
வெயில் ஒன்றுதான் வாசல்.
நீர் அதன் வழியே போய்விடும்
சுமையை இங்கேயே இறக்கிவிட்டு.

சோடியம், கரி, காற்று, கொஞ்சம் ஈரம்.
கம்பெனி ஆய்வகத்து முத்திண்டா
ஒற்றை வரியில் எழுதிக் காட்டினான்.
எலுமிச்சை பிழிந்தான். சீறி நுரைத்தது.
"கோபக்காரக் கல்" என்றாள்.
"கோபமில்லை, அடக்கிவைத்த மூச்சு" என்றான்.
வீட்டில் போய்ச் சொன்னாள்.
எலுமிச்சை என்ன விலை என்று கேட்டான் புருஷன்.

அவள் வேதியியல் வேறு.
முற்றிய பீன்ஸை வழிக்குக் கொண்டுவர
நகக்கண் அளவு போதும்.
ஒருநாள் கை தவறி இரண்டு சிட்டிகை விழுந்தது;
பானைக்குள் பீன்ஸே இல்லை, களி.
மாமனார் ஒன்றும் சொல்லாமல் அதைத் தின்றுவிட்டு
அதே கல்லைப் புகையிலையோடு இடித்து
மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

மீதியெல்லாம் ரயிலேறும்.
மொம்பாசா, பிறகு கப்பல்,
பிறகு யார் ஊரிலோ ஓர் உலை.
அங்கே மணல் இருக்கும், லேசில் உருகாத மணல்.
அதைச் சம்மதிக்க வைப்பது இதன் வேலை.
பீன்ஸுக்குச் செய்ததுதான்.
கண்ணாடி ஆகிவிடுமாம்.

போன வருஷம் வெட்டிய குழியைத் தேடுகிறாள்.
இங்கேதான் இருந்தது,
அந்தத் துருப்பிடித்த டிரம்முக்கு நேர் தெற்கே.
மூடிக்கொண்டுவிட்டது. வெட்டிய தழும்புகூட இல்லை.
ஏரி ஆறிவிடுகிறது.
ஆறாதது உள்ளங்கை:
விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் வரிசை.
பெரிய ஜன்னலுக்கு அப்பால்
களிம்பு டப்பாக்களை எண்ணுகிறாள் நர்ஸ்.
நசியெகு கண்ணாடியில் கையை வைத்தாள்.
குளிர்ந்திருந்தது. எரியவில்லை.
இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் களிம்பு,
நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் நிற்கிறது.

ஒரு தடவை நக்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.
பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
வரிசை நகர்ந்துவிட்டது.